அனுதாபம் போதாது: 'எம்பதி' என்றோர் ஆங்கிலச் சொல்

வாடிக்கையாளர் சேவை உத்தியோகத்தர், விற்பனை மேற்பார்வையாளர், முகாமைத்துவப் பயிலுநர் போன்ற பதவிகளுக்காக ஆங்கிலத்தில் வெளியாகும் விளம்பரங்களைக் கவனித்துப் பாருங்கள். கல்வித் தகைமை, கணினி அறிவு, மொழித் தேர்ச்சி என்று நீளும் பட்டியலின் நடுவே 'எம்பதி' என்ற சொல்லும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். நேர்முகப் பரீட்சைக்குப் போகவிருக்கும் பிள்ளை அகராதியைப் புரட்டுகிறது. ஓர் அகராதி 'பரிவு' என்கிறது, இன்னொன்று 'அனுதாபம்' என்கிறது. பிள்ளையும் மறுநாள் போய், "நான் இரக்க குணம் உள்ளவன், கஷ்டப்பட்டவர்களுக்கு உதவி செய்பவன்" என்று சொல்லிவிட்டு வருகிறது. நல்ல பதில்தான். ஆனால் கேட்ட கேள்விக்குரிய பதில் அதுவல்ல.

உத்தியோகம் தேடுபவர்கள் மட்டுமன்றி, கடை நடத்துபவர்களும் கம்பனி வைத்திருப்பவர்களும் இந்தச் சொல்லைச் சரியாக விளங்கிக்கொள்வது இலாபமானது. எனவே இவ்வாரம் அதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெருநாளைக்கு முதல் நாள் மாலை நேரம். தையல் கடைக்கு ஒரு தாய் வருகிறார். மகளுக்குத் தைத்த உடுப்பு தோள்பட்டையில் இறுகிப் பிடிக்கிறது. பிழை கடையினுடையது. அளவுக் கொப்பியில் எழுதியிருப்பது ஒன்று, துணியை வெட்டியது இன்னொன்று. கடைக்காரரும் நல்ல மனிதர். "எனக்கே கவலையாகத்தான் இருக்கிறது தாத்தா. பெருநாள் முடிந்ததும் கொண்டு வாருங்கள், சும்மாவே திருத்தித் தருகிறேன். விருப்பம் இல்லையென்றால் முழுக் காசையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்.

நியாயப்படி இதில் குறை சொல்ல எதுவுமில்லை. காசையே திருப்பிக் கொடுக்க முன்வந்துவிட்டாரே! ஆனால் அந்தத் தாய் காசுக்காக வரவில்லை. நாளை காலை தன் பிள்ளை எதை உடுத்திக்கொண்டு வெளியே வரும் என்பதுதான் அவருடைய பிரச்சினை. பெருநாள் கழிந்த பிறகு அந்த உடுப்பைத் திருத்தினால் என்ன, திருத்தாவிட்டால் என்ன? இதை உணர்ந்த இன்னொரு கடைக்காரர் கவலை தெரிவிப்பதில் நேரத்தைப் போக்கமாட்டார். "இஷாவுக்குப் பிறகு ஒருக்கால் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, தையல்காரரை மீண்டும் மெசினில் உட்கார வைப்பார்.

முதலாமவரிடம் இருந்தது 'சிம்பதி'. இரண்டாமவரிடம் இருந்தது 'எம்பதி'. நான் நிற்கும் இடத்தில் நின்றபடியே உங்கள் கஷ்டத்தைக் கண்டு வருந்தினால் அது சிம்பதி. நீங்கள் நிற்கும் இடத்துக்கு மனதால் வந்து, அங்கிருந்து பார்த்தால் உலகம் எப்படித் தெரிகிறது என்று உணர்ந்தால் அது எம்பதி. இரண்டாவதற்குச் சற்று மூளையையும் செலவழிக்க வேண்டும்.

நமக்கு இது புதிதுமல்ல. மையித்து வீட்டுக்கு அனுதாபம் தெரிவிக்கப் பத்துப் பேர் வருகிறார்கள். அந்த வீட்டில் இன்று அடுப்பு எரியாது, பிள்ளைகள் பசித்திருக்கும் என்று நினைத்து, சோற்றுச் சட்டியோடு வருபவர் அயல் வீட்டுப் பெண் ஒருவர்தான். செயல் நம்மிடம் இருக்கிறது. அதற்கான ஆங்கிலச் சொல்தான் நமக்குப் பழக்கமில்லை.

சொல் பிறந்த கதை

'சிம்பதி' பழைய சொல். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிவிட்டது. கிரேக்க மொழியில் 'பதோஸ்' என்றால் உணர்ச்சி, துன்பம், ஒருவர் அனுபவிப்பது என்றெல்லாம் பொருள்படும். 'சின்' என்றால் உடன். ஆக, உடன் துன்புறுவது சிம்பதி. 

'எம்பதி' அப்படிப்பட்ட நீண்ட வரலாறு உடையதல்ல. ஜேர்மன் மொழியில் 'ஐன்ஃபூலுங்' என்றொரு சொல் இருந்தது. 'உள்ளே புகுந்து உணர்தல்' என்பது அதன் நேர்ப்பொருள். 1873 இல் ரொபர்ட் விஷர் என்ற அறிஞர் கலைப் படைப்புகளைப் பார்க்கும்போது நமக்குள் ஏற்படும் அனுபவத்தை விளக்க அதைப் பயன்படுத்தினார். பிறகு தியோடர் லிப்ஸ் அதை மேலும் வளர்த்தெடுத்தார். ஒரு பெரிய கட்டிடத்தின் தூணைப் பார்க்கிறோம். மேலேயுள்ள பாரத்தை நமது முதுகே தாங்குவதுபோல் ஒரு கணம் தோன்றுகிறதல்லவா, அந்த உணர்வுதான். இந்த ஜேர்மன் சொல்லுக்கு ஈடாக, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கடமையாற்றிய உளவியல் அறிஞர் எட்வர்ட் டிட்சனர் 1909 இல் கிரேக்க வேர்களைக் கொண்டு 'எம்பதி' என்ற சொல்லை உருவாக்கினார். 'எம்' என்றால் உள்ளே. கல்லையும் தூணையும் பார்த்து உணர்வதைக் குறிக்கப் பெரிதும் பயன்பட்ட சொல், காலப்போக்கில் மனிதனை மனிதன் விளங்கிக்கொள்வதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

வர்த்தகத்தோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக ஒருவரை இங்கே அழைக்க வேண்டியிருக்கிறது. பொருளியல் படித்த எவருக்கும் அடம் ஸ்மித்தைத் தெரியும். 1776 இல் அவர் எழுதிய 'நாடுகளின் செல்வம்' என்ற நூலே நவீன பொருளியலின் அடித்தளம் என்பார்கள். ஒவ்வொருவரும் தன் நலத்தைப் பார்த்துக்கொண்டாலே சந்தை நன்றாக இயங்கிவிடும் என்று சொன்னவராகவே பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1759 இல், அவர் வேறொரு நூல் எழுதியிருந்தார். அது மனிதரின் தார்மீக உணர்வுகள் பற்றியது. அப்போது அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒழுக்கவியல் பேராசிரியர். மனிதன் எவ்வளவுதான் சுயநலக்காரனாக இருந்தாலும் பிறருடைய நிலைமையில் அக்கறை கொள்ளும் இயல்பு அவனுக்குள் இருக்கிறது என்ற கருத்தோடுதான் அந்த நூல் தொடங்குகிறது.

"தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஸ்மித்தும் அதை ஒத்துக்கொள்கிறார். அடுத்தவன் உடம்பில் படும் வலியை நமது புலன்கள் நமக்கு அறிவிப்பதில்லை. அப்படியானால் நமக்கு எப்படித்தான் தெரிய வருகிறது? கற்பனையால் என்பது அவருடைய பதில். அவனுடைய இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதால் மட்டுமே தெரிய வருகிறது. இன்று எம்பதி என்று சொல்லப்படுவது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் அவர் காலத்தில் அப்படியொரு சொல் இல்லாததால் சிம்பதி என்ற சொல்லையே எழுதினார். அவர் விளக்கிய பொருளுக்குத் தனிப் பெயர் கிடைக்கச் சரியாக 150 ஆண்டுகள் சென்றன.

ஒரு தோல் சீவியின் பாடம்

சமையலறையில் பாவிக்கும் உருளைக்கிழங்குத் தோல் சீவியைத் தெரியாதவர் இல்லை. மெல்லிய தகரக் கைப்பிடி, நடுவே ஓர் அலகு. பல தலைமுறைகளாக அதன் வடிவத்தை மாற்ற வேண்டுமென்று பெரிதாக எவருக்கும் தோன்றவில்லை. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர் சமையலறைச் சாமான்கள் விற்கும் வர்த்தகத்தில் நீண்ட காலம் இருந்து ஓய்வுபெற்றவர். அவரும் மனைவி பெட்சியும் பிரான்சின் தென்பகுதியில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தபோது, அப்பிள் சீவிய பெட்சிக்குக் கை வலித்தது. அவருக்கு இலேசான மூட்டு வாதம் இருந்தது. இதிலிருந்து பிறந்ததுதான் 1990 இல் சந்தைக்கு வந்த 'ஒக்சோ குட் கிரிப்ஸ்' என்ற சமையலறை உபகரண வரிசை. நியூயோர்க்கின் 'ஸ்மார்ட் டிசைன்' நிறுவனம் வடிவமைத்தது. தடித்த, மிருதுவான கறுப்பு இறப்பர்க் கைப்பிடி. விரல் பதியும் இடத்தில் வரிவரியாக மெல்லிய மடிப்புகள். ஆரம்பத்தில் வந்தவை 15 பொருட்கள். சாதாரண தோல் சீவியைவிட விலை கூட. இருந்தும் விற்றது. மூட்டு வாதம் உள்ளவர்கள் மட்டுமல்ல, கையில் ஒரு நோயும் இல்லாதவர்களும் வாங்கினார்கள். வலிக்கும் கைக்கு இதமானது வலிக்காத கைக்கு இன்னும் இதமானதல்லவா? நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இன்று அந்தத் தோல் சீவி இருக்கிறது.

முகாமைத்துவ வகுப்புகளில் இந்தக் கதையை எம்பதிக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். அன்பான கணவர், நோயுற்ற மனைவி, கணவரின் மனதில் உதித்த எண்ணம் என்று கதை போகும். ஆனால் பல ஆண்டுகள் கழித்து, கணவர் காலமான பிறகு, பெட்சி ஃபார்பர் இதைப் பற்றித் தானே பேசினார். 2018 இல் அது அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்தது. கைக்கு வசதியான கைப்பிடி என்ற எண்ணமே தன்னுடையது என்றும், ஆனால் உலகம் தன்னை நினைவில் வைத்திருக்கப் போவது மூட்டு வாதக்காரியாக மட்டும்தான் என்றும் அவர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் கட்டிடக் கலை அறிந்த பெண். வடிவமைப்பு அவருக்குத் தெரியாத விடயமல்ல.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். எம்பதியைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, உலகம் முழுவதும் சிம்பதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. 'பாவம், கை வருத்தக்காரி' என்ற அளவில் பார்வை நின்றுவிட்டால், அந்தக் கை வருத்தக்காரியிடமே தீர்வும் இருக்கக்கூடும் என்பது கண்ணுக்குப் படாது. நமது கடைகளிலும் இதுதான் நடக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவரைக் கண்டதும் உள்ளேயிருந்து நான்கு பேர் ஓடிவந்து தூக்குகிறார்கள். மனம் நல்ல மனம்தான். வாசல்படியை எப்படி மாற்றினால் தூக்காமலே உள்ளே வரலாம் என்று அவரிடம் கேட்பவர் எத்தனை பேர்?

நேர்முகப் பரீட்சை பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 2014 இல் ஏற்ற சத்யா நதெல்லா, 2017 இல் வெளியிட்ட தனது நூலில் அப்படியொரு பரீட்சையை விபரிக்கிறார். 1990களின் ஆரம்பத்தில் அதே நிறுவனத்தில் சேர அவர் சென்றிருந்தபோது, வீதியில் ஒரு குழந்தை விழுந்து அழுகிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். அவசர சேவை இலக்கத்துக்கு அழைப்பேன் என்றார் இவர். கேட்டவர் எழுந்துவந்து, உங்களுக்குக் கொஞ்சம் எம்பதி தேவை, அழுகிற குழந்தையை முதலில் தூக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். வேலை எப்படியோ கிடைத்துவிட்டது. சொல்லின் பொருள் விளங்கியது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. 1996 இல் பிறந்த அவரது மகனுக்குக் கடுமையான மூளை முடக்குவாதம் இருந்தது. எனக்கு ஏன் இப்படி நடந்தது என்றே நீண்ட காலம் அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். மனைவியோ பிள்ளையைச் சிகிச்சைக்குச் சிகிச்சை கொண்டு அலைந்துகொண்டிருந்தார். தனக்கு எதுவும் நடக்கவில்லை, நடந்தது மகனுக்கு என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது என்று எழுதுகிறார். அந்த மகன் 2022 இல் காலமானார். கை கால்களை இலகுவில் அசைக்க முடியாதவர்களும் கணினி விளையாட்டுகளில் ஈடுபடுவதற்கான விசேட கருவியொன்றை மைக்ரோசொப்ட் 2018 இல் வெளியிட்டது.

நூறு மில்லியன் டொலர்

1982 இல் அமெரிக்காவின் சிக்காகோ பகுதியில் 'டைலனோல்' என்ற வலி நிவாரணி மாத்திரையை உட்கொண்ட ஏழு பேர் இறந்தார்கள். யாரோ ஒருவர் கடைகளிலிருந்த போத்தல்களில் சயனைட் நஞ்சைக் கலந்திருந்தார். அந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. தயாரிப்பு நிறுவனமான ஜோன்சன் அன்ட் ஜோன்சனின் தொழிற்சாலையில் தவறு நடந்திருக்கவில்லை. எனவே இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்து, அந்தப் பகுதியில் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு இருந்திருக்கலாம். நிறுவனமோ நாடு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 31 மில்லியன் போத்தல்களைத் திரும்பப் பெற்றது. அவற்றின் பெறுமதி 100 மில்லியன் டொலருக்கும் மேல். இரவில் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கப் போகும் ஒரு தாயின் கையில் அந்தப் போத்தல் இருக்கிறது; திறப்பதா, வேண்டாமா என்று அவர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்குப் பதில் சொல்லாமல் வியாபாரம் இல்லை என்பதை அவர்கள் கண்டார்கள். சில வாரங்களிலேயே மூன்றடுக்குப் பாதுகாப்பு முத்திரையிட்ட புதிய பொதியுடன் திரும்பி வந்தார்கள். இழந்த சந்தையின் பெரும்பகுதி ஏறக்குறைய ஓராண்டுக்குள் மீண்டும் கைக்கு வந்தது. (அதே நிறுவனம் பிற்காலத்தில் டல்கம் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒருமுறை சம்பாதித்த நல்ல பெயர் எல்லாக் காலத்துக்கும் செல்லுபடியாவதில்லை.)

இதற்கு நேர்மாறானது 2010 இல் நடந்தது. மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் அகழும் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கடலில் எண்ணெய் கலந்து மீனவர்களின் பிழைப்பு நாசமானது. பொறுப்பிலிருந்த பீ.பீ. எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் டோனி ஹேவேர்ட் ஊடகங்களிடம் வருத்தம் தெரிவிக்கும்போது, இது முடிவுக்கு வர வேண்டுமென்று என்னைவிட விரும்புபவர் எவருமில்லை, எனக்கு எனது வாழ்க்கை திரும்ப வேண்டும் என்ற கருத்தில் பேசிவிட்டார். வாழ்க்கையே திரும்பக் கிடைக்காத 11 பேரின் வீடுகளிலும் அது கேட்டது. பின்னர் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவரது இடத்துக்கு வேறொருவர் வந்தார். அவர் வருந்தவில்லை என்று சொல்ல முடியாது. வருந்தினார், தான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு.

சொல் மலிவானால்

இன்று தொலைபேசி வாடிக்கையாளர் சேவை நிலையங்களில் 'எம்பதி ஸ்டேட்மென்ட்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. அழைப்பவர் குறை சொன்னதும் பதிலளிப்பவர் சொல்ல வேண்டிய வசனங்கள் தாளில் எழுதித் தரப்படும். "உங்களுடைய மனநிலை எனக்கு நன்றாக விளங்குகிறது" என்பது அவற்றில் பிரசித்தமானது. இரண்டு மணி நேரமாக இணைப்பு இல்லாமல், மூன்றாவது முறையாக அழைக்கும் ஒருவருக்கு இந்த வசனத்தைக் கேட்டதும் கோபம் இரட்டிப்பாவதே வழக்கம். விளங்கியிருந்தால் இரண்டாவது முறை அழைத்தபோதே வேலை நடந்திருக்குமே! அந்த வசனத்துக்குப் பதிலாக, "நீங்கள் காலையிலிருந்து மூன்று முறை அழைத்திருக்கிறீர்கள், இனி அழைக்கத் தேவையில்லை, நானே நான்கு மணிக்கு எடுப்பேன்" என்று சொன்னால் போதும். எம்பதி என்ற சொல்லே அதில் வராது.

மறுபக்கமும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் கற்பித்த உளவியல் பேராசிரியர் போல் புளூம் 2016 இல் எம்பதிக்கு எதிராகவே ஒரு நூல் எழுதினார். எம்பதி டோர்ச் வெளிச்சம் போன்றது, யார்மீது பிடிக்கிறோமோ அவர் மட்டும் தெரிவார், இருட்டில் நிற்கும் நூறு பேர் தெரியமாட்டார்கள் என்பது அவரது வாதத்தின் சாரம். சில்லறைக் கடை நடத்துபவர்களுக்கு இது நன்றாக விளங்கும். 2022 இல் பொருளாதார நெருக்கடி நாட்டை உலுக்கியபோது கடன் கொப்பிகள் எப்படித் தடித்துப் போயின என்பதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முன்னால் நிற்கும் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல வாய் வராது. ஆனால் மாத முடிவில் சம்பளத்துக்குக் காத்திருக்கும் கடைப் பையனின் வீட்டு முகங்களும், மொத்த வியாபாரியின் நிலுவையும் அந்த நேரத்தில் கண்முன்னே வருவதில்லை. புளூம் சொல்வதை முழுவதும் ஏற்காவிட்டாலும், டோர்ச்சைச் சற்றுச் சுழற்றிப் பார்க்கச் சொல்வதை ஏற்கத்தான் வேண்டும்.

இனி, சொல்லைப் பாவிப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வினைச்சொல் 'எம்பதைஸ்'. அதன் பின்னால் 'வித்' வர வேண்டும். 'ஃபோர்' போட்டு எழுதுவது பிழை. பெயரடையாக 'எம்பதெட்டிக்', 'எம்பதிக்' இரண்டுமே சரி. 'பதெட்டிக்' என்ற சொல் அதே கிரேக்க வேரில் பிறந்த உறவுக்காரன்தான், ஆனால் மிகவும் ஆபத்தானவன். வாடிக்கையாளரின் முறைப்பாட்டுக்குப் பதில் எழுதும்போது 'எம்' விடுபட்டு அந்தச் சொல் விழுந்துவிட்டால், 'உங்களைப் பார்க்கப் பரிதாபமாக, கேவலமாக இருக்கிறது' என்று எழுதியதாகிவிடும். அக்கறையின்மை என்ற பொருள் தரும் 'அபதி'யும், வெறுப்பு என்ற பொருள் தரும் 'அன்டிபதி'யும் இதே குடும்பம். மரணம் நிகழ்ந்த வீட்டுக்கோ கம்பனிக்கோ கடிதம் எழுதும்போது எம்பதியை எழுத வேண்டாம். அங்கே 'சிம்பதி' அல்லது 'கன்டோலன்ஸ்' என்பதே முறை. 'கமிசரேட்' என்ற சொல் இன்னும் ஒருபடி சிநேகமானது. ஒரே நட்டத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு வியாபாரிகள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் குறை சொல்லி ஆறுதலடைவார்களே, அதற்குப் பொருத்தமானது. 'மிசரபிள்' என்பதோடு ஒரே இலத்தீன் வேரைப் பகிர்வது.

கப்பல் துறையில் இருப்பவர்களுக்கு மேலதிகமாக ஒன்று. கிரேக்க நிறுவனங்களோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்கள், சொல் அவர்களுடைய மொழியிலிருந்து வந்ததுதானே என்று நினைத்து அதைக் கிரேக்கமாக்கி எழுதிவிடக் கூடாது. இன்றைய கிரேக்க மொழியில் 'எம்பதியா' என்றால் பகைமை, குரோதம்.